"காப்பிலி" என்ற சொல்லும் நெடுந்தீவுப் பெருக்கமரமும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பிள்ளைகள் மைதானத்தில் சண்டை பிடிக்கும்போது "போடா காப்பிலி" என்று ஏசுவதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நிறம் கறுப்பு, முடி சுருள் என்றால் அந்தப் பட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களும் பகிடியாகச் சொல்கிறோம். அந்தச் சொல் யாரைக் குறித்தது என்று யோசித்திருக்கிறோமா?

அதன் மூலம் அரபுச் சொல்லான "காஃபிர்". நம்பிக்கை கொள்ளாதவர் என்பது பொருள். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் இஸ்லாத்தைத் தழுவாத மக்களை அரபு வணிகர்கள் அப்படி அழைத்தார்கள். போர்த்துக்கேயர் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தொடர்ந்தார்கள். தமிழில் அது காப்பிரி, காப்பிலி என்றானது. நம்பிக்கையைக் குறித்த சொல் கடல் கடந்து வரும்போது தோலின் நிறத்தைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. முதல் பாங்கு சொன்ன பிலால் (ரழி) அவர்களும் அபிசீனிய வம்சத்தவர், அடிமையாக இருந்து விடுதலையானவர். அவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற வீட்டில் இந்த ஏச்சு எப்படிப் புழங்குகிறது?

ஆபிரிக்கா எங்கள் தீவுகளுக்கு அந்நியமானது அல்ல. நெடுந்தீவில் உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கமரம் ஆபிரிக்காவின் மரம். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்பது வழக்கு. மன்னார் பள்ளிமுனையிலும் அதே மரம் நிற்கிறது. நயினாதீவு அம்மன் கோயிலில் இருக்கும் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், முதலாம் பராக்கிரமபாகு ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளைப் பற்றிப் பேசுகிறான். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறான். யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்று கணக்கும் சொல்கிறான். இந்துசமுத்திரம் முழுவதும் வந்துபோன துறை இது.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். கொழும்பில் ஒரு கடல் தலைவனிடம் சுமார் 500 அபிசீனியர்கள் இருந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார். போர்த்துக்கேயர் வருவதற்கு 150 ஆண்டுகளுக்கு மேல் முந்திய செய்தி அது.

பிறகு வந்த மூன்று ஐரோப்பிய ஆட்சிகளும் ஆபிரிக்கர்களைக் கொண்டுவந்தன. அடிமைகளாக, கோட்டை கட்டும் கூலிகளாக, படைவீரர்களாக. கொழும்பின் கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் "அடிமைத் தீவு" என்று சொல்வது ஒல்லாந்தர் அங்கே அடிமைகளை அடைத்து வைத்ததால்தான். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அதுவரை நாட்டில் அடிமைகள் அதிகமாக இருந்தது எங்கள் யாழ்ப்பாணத்தில் என்பதையும் மறைக்கக்கூடாது. அவர்கள் ஆபிரிக்கர்கள் அல்ல, எங்கள் சொந்தத் தமிழ்ச் சனங்கள்.

ஆங்கிலேயரின் ஆபிரிக்கப் படையணி கலைக்கப்பட்டபோது புத்தளத்தில் தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் வாழ்கிறார்கள். சில குடும்பங்கள்தான். தங்களைக் காபிரி என்றே சொல்கிறார்கள், வெட்கமில்லாமல். மூதாதையரின் ஆபிரிக்க மொழிகள் போய்விட்டன. பிறகு பேசிய போர்த்துக்கேயக் கலப்பு மொழியும் வீட்டுப் பேச்சிலிருந்து போய்விட்டது. பிள்ளைகள் சிங்களம் பேசுகிறார்கள். ஆனால் "மஞ்சா" பாட்டு இருக்கிறது. றபான், போத்தல், கரண்டி, சிரட்டை என்று கையில் கிடைப்பதைத் தட்டி, மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்துப் போகும் பாட்டு. சொற்களின் பொருள் பாதி மறந்துவிட்டது, தாளம் மறக்கவில்லை. கலியாண வீடுகளில் நாங்கள் ஆடுகிற பைலாவிலும் அந்தத் தாளத்தின் பங்கு உண்டு.

உலகத்தின் மறுகரையில் ஹெய்ட்டி என்று ஒரு நாடு. ஆபிரிக்காவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் 1791இல் எழுந்து, 1804 ஜனவரி 1ஆம் திகதி சுதந்திரம் அறிவித்தார்கள். பிரான்ஸ் 1825இல் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த "சொத்துக்கு" 150 மில்லியன் பிராங் நட்டஈடு கேட்டது. பிறகு தொகை குறைக்கப்பட்டாலும், அதற்காகப் பட்ட கடன் 1947 வரை இழுத்தது. அடிமைப்பட்டவன் ஆண்டானுக்கு நட்டஈடு கட்டிய கதை.

அந்த மக்கள் வரலாற்றை எப்படி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு ஜனவரி 1ஆம் திகதியும் வீட்டுக்கு வீடு பூசணி சூப் காய்ச்சுகிறார்கள். அடிமைக்காலத்தில் தங்களுக்கு மறுக்கப்பட்ட உணவு என்பது அவர்களின் நினைவு. 2021இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. அந்நாட்டு இயக்குநர் ராவுல் பெக், டுவாலியே சர்வாதிகாரக் காலத்தின் பயத்தை ஒரு சிறுமியின் கண்ணால் காட்டி 1993இல் எடுத்த படம் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. இந்தியாவில் கர்நாடகத்துச் சித்திகளைப் பற்றி ஜெயன் செறியான் 2024இல் ஒரு படம் தந்திருக்கிறார். அதிலும் மூதாதையரின் நினைவைக் காவி வருவது ஒரு மேளம்தான்.

இதையெல்லாம் ஏன் இங்கே சொல்கிறேன்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அதே புத்தளம்தான். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஓலைக்கொட்டிலில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். சோனகத் தெருவை அவர்கள் கதையாகத்தான் அறிவார்கள். தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்த என் தமிழ்ச் சகோதரர்களின் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு வேலணையையும் புங்குடுதீவையும் அறிவதும் கதையாகத்தான்.

கதை சொல்பவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். சிரம்பியடிக்காரருக்கு மொழி போனபிறகும் பாட்டு மிஞ்சியது, ஏனென்றால் அவர்கள் அதைக் கூடியிருந்து பாடினார்கள். எங்களிடம் என்ன மிஞ்சும்? எல்லோர் கையிலும் கமரா இருக்கிறது. கலியாண வீட்டுச் சாப்பாட்டை எடுக்கிறோம், உம்மம்மாவின் குரலை எடுப்பதில்லை.

இரண்டு வேண்டுகோள். வருகிற விடுமுறையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் மூத்தவர் ஒருவரை அரைமணி நேரம் பேசவைத்துப் பதிவு செய்யட்டும்: எந்த வள்ளத்தில் போனார்கள், எதை விட்டுப் போனார்கள், கிணற்றடியில் என்ன பாடினார்கள் என்று. முஸ்லிம் வீடு, இந்து வீடு, வேத வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும். அடுத்தது, "காப்பிலி" என்று ஒரு பிள்ளை ஏசக் கேட்டால் அடிக்காமல் கூப்பிட்டு இருத்தி, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களின் கதையைச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பழைய பாட்டோ கதையோ இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.