பழைய துப்பாக்கிக் கட்டையில் ‘ஸ்லாஸ் 43’: அந்த முத்திரை யாருடையது?

பாகான் செராயில் பழைய வீடு ஒன்றைப் பிரிக்கிறீர்கள், பரணிலிருந்து துப்பாக்கிக் கட்டை ஒன்று விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு எதுவும் இல்லை, வெறும் மரம். மாமா உடனே சொல்வார்: "ஜப்பான்காரன் வந்தப்போ வெள்ளைக்காரன் போட்டுட்டு ஓடுனதுடா இது."

நம்பக்கூடிய கதைதான். 1941 டிசம்பரில் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் 11ஆவது டிவிஷன் கெடாவிலிருந்து தோற்று, கிரியான் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கமாகத்தான் பின்வாங்கியது. ஆனால் கட்டையைத் திருப்பிப் பார்த்தால் ‘ஸ்லாஸ் 43’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு முத்திரை. கதை அங்கேயே உடைந்துவிடுகிறது. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15ஆம் தேதி. இந்த மரத்தை இழைத்ததோ 1943இல்.

சரி, ‘ஸ்லாஸ்’ யார்? ஸ்லாசெஞ்சர். ஆமாம், டென்னிஸ் மட்டை செய்யும் அதே ஸ்லாசெஞ்சர்தான். மரத்தை வளைத்து, இழைத்துப் பழகிய ஆட்கள் அங்கே இருந்தார்கள். அதனால் போர்க்காலத்தில் அதன் ஆஸ்திரேலியக் கிளை, லித்கோ நகரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குக் கட்டைகள் செய்து கொடுத்தது. லித்கோவின் சொந்த முத்திரை ‘எம்.ஏ.’. அதற்கு உதிரிப் பாகம் செய்த துணைத் தொழிற்சாலைகளில் ஆரஞ்ச் நகரத்துக்கு ‘ஓ.ஏ.’, பாதர்ஸ்டுக்கு ‘பி.ஏ.’ என்று தனித்தனி எழுத்துகள் உண்டு.

அந்தக் காலத்து .303 லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி ஒரே கூரைக்குக் கீழே பிறந்த பொருள் இல்லை. போல்ட் ஓர் ஊர், குறிபார்க்கும் தகடு இன்னோர் ஊர், கட்டை வேறோர் ஊர். மாற்றுப் பாகங்களும் அப்படித்தான் வந்தன.

பிரிட்டனில் இதை வேண்டுமென்றே மறைத்தார்கள். 1940 நவம்பரில் பிர்மிங்ஹாமில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். எந்தப் பாகம் எங்கே செய்யப்படுகிறது என்று எதிரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அதனால் கம்பெனிப் பெயருக்குப் பதில் ரகசியக் குறியீடு. முதல் எழுத்து வட்டாரத்தைச் சொல்லும்: வடக்குக்கு ‘என்’, நடுப்பகுதிக்கு ‘எம்’, தெற்குக்கு ‘எஸ்’. பின்னால் வரும் எண் தொழிற்சாலையைச் சொல்லும்.

‘எம்47சி’ என்றால் ஷர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. ஆலை. நம் தாத்தாக்கள் மிதித்த சைக்கிளில் இருந்த பெயர்தான் இது. ‘என்67’ இன்னும் வேடிக்கை. அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த சிங்கர். பாட்டி ரவிக்கை தைத்த மெஷினின் கம்பெனி, துப்பாக்கிக்கும் பாகம் செய்திருக்கிறது.

மற்ற நாட்டு முத்திரைகள் கொஞ்சம் சுலபம். சதுரமாக வளைந்த ‘எஸ்’ அமெரிக்காவின் சாவேஜ். ஒன்றோடொன்று ஒட்டிய ‘எல்.பி.’ கனடாவின் லாங் பிராஞ்ச். கல்கத்தா அருகே உள்ள இஷாப்பூர் ஆலை தன் பெயரை முழுசாகவே பொறித்தது. இந்திய சுதந்திரத்துக்குப் பிறகு அது ‘ஆர்.எஃப்.ஐ.’ ஆனது.

இங்கே நிறையப் பேர் ஏமாறுவார்கள். அம்புக்குறி இருந்தால் அது தயாரிப்பாளர் முத்திரை இல்லை, ‘அரசாங்கச் சொத்து’ என்று அர்த்தம். கிரீடத்துக்குக் கீழே எண்ணும் எழுத்தும் இருந்தால், பாகத்தைச் சோதித்த பரிசோதகரின் அடையாளம். இரண்டையும் கம்பெனிப் பெயர் என்று நினைத்துத் தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

பாகம் வேறு, துப்பாக்கி வேறு

முத்திரை அந்த ஒரு பாகத்துக்கு மட்டும்தான் சாட்சி. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் வந்தார்கள், அவர்கள் கையில் .303 துப்பாக்கிகள் வந்தன. அவசரகாலம் 1960 ஜூலை வரை நீடித்தது. மழையிலும் சேற்றிலும் புழங்கிய துப்பாக்கியில் உடைந்ததைக் கழற்றி, கிடைத்ததை மாட்டுவார்கள். போர்க்காலத்தில் செய்த ‘ஸ்லாஸ் 43’ கட்டை இப்படிப் பத்து வருஷம் கழித்துக்கூட வேறொரு துப்பாக்கியில் ஏறியிருக்கலாம்.

அதனால் ஒரே முத்திரையோடு நிறுத்தாதீர்கள். போல்ட் கைப்பிடியில் இருக்கும் எண்ணும் துப்பாக்கி உடலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ‘எஃப்.டி.ஆர்.’ என்றும் ஓர் ஆண்டும் இருந்தால், தொழிற்சாலையில் முழுசாகப் பிரித்துப் பழுது பார்த்தது என்று பொருள். குட்டையான ‘ஜங்கிள் கார்பைன்’ என்றால் வேலை சுலபம். அந்த 5ஆம் எண் மாடல் 1944இல்தான் தயாரிப்புக்கு வந்தது. பி.எஸ்.ஏ. ஷர்லி, ஃபசாக்கர்லி என்ற இரண்டே ஆலைகள்தான் செய்தன, மொத்தம் ஏறக்குறைய இரண்டரை லட்சம். அதை 1941 கம்பார் போரோடு முடிச்சுப் போட்டு யாராவது கதை சொன்னால், தலையாட்டிவிட்டு மைலோ குடியுங்கள்.

மாமாவின் கதை முழுப் பொய் என்று ஆகிவிடாது. குடும்பத்தில் ஒருவர் நிஜமாகவே துப்பாக்கி தூக்கியிருக்கலாம், வருஷம் மட்டும் மாறியிருக்கலாம். ‘ஜப்பான்காரன் காலத்திலா, கம்யூனிஸ்ட் காலத்திலா?’ என்று திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இது விளையாட்டில்லை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகத்தையும் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கிறது. போல்ட்டோ குழலோ கிடைத்தால் சுத்தம் செய்யாதீர்கள், காரில் ஏற்றாதீர்கள், விற்பனைக்குப் போடாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு போலீசுக்குச் சொல்லுங்கள். கூடவே தோட்டாவோ குண்டோ கிடந்தால் தொடவே வேண்டாம், தள்ளி நில்லுங்கள்.