சம்மனசுகள் கேபிள் இழுத்த திருவிழா

ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால் எங்கள் வேளாங்கண்ணிக்குத் தனிக் களை வந்துவிடும். 29ஆம் தேதி கொடியேற்றம்; செப்டம்பர் 8 வரை திருவிழா. காவி உடுத்தி நடந்தே வருகிறவர்கள் கடற்கரை மணலிலும் பந்தல்களிலும் படுத்துக் கிடப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

2023இல் கொடியேற்றத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, பெர்லினில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, நானும் ஒரு திருவிழாவுக்கு வந்து கூடாரத்துல படுத்திருக்கேன்." அங்கேயும் ஏதோ கோயில் விழா என்று நினைத்தேன். "இல்ல மாமா, ஹேக்கர் திருவிழா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேங்க் கணக்கில் பணம் திருடுகிறவனைத்தானே பேப்பரில் ஹேக்கர் என்று எழுதுகிறார்கள்? அவன் சிரித்துவிட்டு விளக்கினான். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் வேறு. 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள், ஒரு கருவியைக் கழற்றிப் பார்த்து, செய்தவனே நினைக்காத வேலைக்கு அதைப் பழக்குகிறவனை அப்படி அழைத்தார்கள். அப்படியானால் பம்புசெட் என்ஜினை நெல் தூற்றும் காற்றாடிக்குப் பூட்டிய நம்மூர் மெக்கானிக்கும் ஹேக்கர்தான்!

பிறகு நானே தேடிப் படித்தேன். இந்தக் கூடாரத் திருவிழா ஹாலந்தில் தொடங்கியது. 1658 முதல் 1781 வரை நம் நாகப்பட்டினத்தை ஆண்ட அதே டச்சுக்காரர்களின் நாடு. 1993 ஆகஸ்டில், 'ஹாக்-டிக்' என்ற சிறு பத்திரிகையை நடத்திய இளைஞர்கள் லெலிஸ்டாட் நகருக்குப் பக்கத்தில் ஒரு திறந்தவெளியில் கூடாரமடித்து, கணினிகளைக் கம்பியால் இணைத்தார்கள். அந்த நிலம் 1957இல்தான் கடலிலிருந்து நீரை இறைத்து மீட்கப்பட்டது. கடல் மட்டத்துக்கும் கீழே இருப்பது. அன்றிலிருந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரில், விழா நடக்கிறது. அதே ஆட்கள் 1993இலேயே சாதாரண ஜனங்களுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தையும் தொடங்கினார்கள்.

ஜெர்மனியில் 1981இல் உருவான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் 1999இல் பெர்லின் அருகே தன் முதல் முகாமை நடத்தியது. என் மருமகன் போனது அதன் 2023 முகாம். மில்டன்பெர்க் என்ற ஊரில், பழைய செங்கல் சூளை வளாகம். வந்தவர்கள் 5,000 பேருக்கு மேல். இந்தியாவிலும் தர்மசாலா மலைப்பகுதியில் 2014இல் 'ஹில்ஹாக்ஸ்' என்ற பெயரில் சிறிய அளவில் தொடங்கினார்கள்.

அவன் சொன்னதில் என்னைக் கட்டிப்போட்டது தொலைபேசி விஷயம். நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் அல்லவா! வெறும் புல்தரையில் சில நாளில் மின்சாரம், கேபிள், தனி எக்ஸ்சேஞ்ச் எல்லாம் வந்துவிடுகிறதாம். கம்பியில்லாப் போன் கொண்டு வருகிற யாரும் தனக்கென ஒரு எக்ஸ்டென்ஷன் நம்பர் வாங்கிக்கொள்ளலாம். கேபிள் பிரியும் பெட்டிகளை மழை படாமல் வைக்க, பிளாஸ்டிக் கழிப்பறைக் கூண்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது. முறை போட்டு வேலை செய்கிற தொண்டர்களுக்கு 'ஏஞ்சல்' என்று பெயர். நம் பழைய கிறிஸ்தவத் தமிழில் சம்மனசு. அவர்கள் வந்து பெயர் கொடுக்கும் இடத்துக்குப் பெயர் மோட்சம்! எங்கள் பையன் ஒருநாள் கேபிள் இழுத்தான், மறுநாள் வாசலில் நின்றான்.

இதைக் கேட்டதும் எனக்கு 2004 டிசம்பர் 26 நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நான் இருந்த எக்ஸ்சேஞ்சில் லைன் செத்துக் கிடந்தது. வாசலில் ஈரத்துணியோடு ஜனங்கள். கிறிஸ்துமஸுக்கு வந்த ஓர் அம்மா திருச்சி நம்பர் ஒன்றைச் சொல்லி, "நான் உயிரோட இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க சார்" என்றார். என்னால் முடியவில்லை. நோட்டில் நம்பர்களை எழுதி, தஞ்சாவூர் போகிற லாரிக்காரரிடம் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் பேசினாரா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே நாளில் அந்தமானில் நடந்ததைப் பிறகு படித்தேன். பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் சிலர் அந்த மாதம் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அனுமதி. உலகத்தின் பல மூலைகளோடும் பேசிப் பார்க்கும் பொழுதுபோக்குதான் நோக்கம். அலை அடித்து போன்கள் அடங்கியபின், அந்தப் பொழுதுபோக்குக் கருவிதான் தீவுச் செய்திகளை இந்தியக் கரைக்குக் கொண்டு வந்தது. "உயிரோடு இருக்கிறேன்" என்ற செய்தி அங்கே போய்ச் சேர்ந்தது.

நான்கு நாள் விளையாட்டுக்காக வெற்று நிலத்தில் விளக்கும் போனும் கொண்டுவரப் பழகியவர்கள், பேரழிவு நாளில் அதே வேலையைச் செய்வார்கள். அன்று அப்படி இருபது பேர் எங்கள் கடற்கரையில் இருந்திருந்தால் என் நோட்டுத் தாள் லாரி ஏறியிருக்காது.

நமக்குத் தொண்டர்களுக்குப் பஞ்சமில்லை. நடந்து வருகிறவர்களுக்கு வழியெல்லாம் மோரும் தண்ணீரும் கொடுப்பது யார்? விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இளைஞர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளும் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பந்தல் போட்டு, செல்போன் டவரை நம்பாத சின்ன எக்ஸ்சேஞ்ச் ஒன்றை நடத்திப் பழகலாம். காணாமல் போன குழந்தைகளைத் தேடவாவது உதவும். கேபிள் ஜாயிண்ட் போட இந்தக் கிழவன் வரத் தயார்.

உங்கள் வீட்டில் பழைய ரேடியோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஒரு பேரனோ பேத்தியோ உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து திட்டாதீர்கள்.