கிருபை

பெயர்ச்சொல். வடமொழி ‘க்ருபா’ (இரக்கம்) தமிழில் ஐகார ஈறு பெற்றது. புதிய ஏற்பாட்டில் இதற்கு நேரான கிரேக்கச் சொல் ‘காரிஸ்’: தகுதி பாராமல் தரப்படும் தயவு, நன்றி என்ற பொருளும் அதற்கு உண்டு.

வழக்கு: மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லூத்தரன், மெதடிஸ்ட் சபைகளின் தமிழில் கிருபை, விசுவாசம், கிரியை, இரட்சிப்பு. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தைப் படிக்கும் கத்தோலிக்கருக்கு அருள், நம்பிக்கை, செயல், மீட்பு. ‘அருள்’ சைவர்க்கும் வைணவர்க்கும் பொதுவான பழஞ்சொல்.

பொருள்: எபேசியர் 2:8 மீட்பைக் கிருபையின் ஈவு என்கிறது, விசுவாசம் அதை ஏற்கும் வழி. யாக்கோபு 2ஆம் அதிகாரமோ கிரியையற்ற விசுவாசத்தைச் செத்தது என்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் மேற்குத் திருச்சபை பிளந்ததன் மையப் பூசல்களுள் ஒன்று விசுவாசத்துக்கும் கிரியைக்கும் உள்ள இந்த உறவைப் பற்றியது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இது குறித்த கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் இணைந்தனர். அறிக்கையின் சாரம்: கடவுள் நம்மை ஏற்பது கிருபையால் மட்டுமே, நற்செயல் அதற்குத் தரும் விலையன்று, அதிலிருந்து விளையும் கனி.