கடிதம் போய்ச் சேராத கார்கள்

2014 செப்டம்பர் மாதக் கடைசி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லண்டோ நகரில் ஒரு விபத்து. 2001-ஆம் வருடத்து ஹோண்டா அக்கார்டு காரை ஓட்டிவந்த பெண்ணின் கழுத்தில் ஆழமான வெட்டுக் காயங்கள். கார் மோதியதில் உண்டான காயங்களாக அவை தெரியவில்லை. யாரோ கத்தியால் குத்தியிருக்க வேண்டும் என்றே போலீஸார் முதலில் துப்புத் துலக்கத் தொடங்கினார்கள். சில நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அவர் வீட்டுக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் காரின் ஏர்பேக் வெடித்துச் சிதறக்கூடும், உடனே கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று கார் நிறுவனம் எழுதியிருந்தது.

கொலை என்று சந்தேகிக்கப்பட்ட மரணத்துக்குக் காரணம் ஸ்டியரிங்குக்குள் இருந்த ஒரு சின்ன எஃகுக் குப்பி. உயிரைக் காப்பாற்றுவதற்காக அங்கே பொருத்தப்பட்ட குப்பி அது. கார் 13 வருடம் ஓடியிருந்தது. இந்த ஏர்பேக் பற்றி ஹோண்டாவின் முதல் அறிவிப்பு வெளிவந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

அந்தக் குப்பியைச் செய்தது டகாடா என்ற ஜப்பானிய நிறுவனம். பிவா ஏரிக்கரையில் உள்ள ஹிக்கோனே ஊரில், 1933-இல், டகேசோ டகாடா என்பவர் தொடங்கிய நெசவுத் தொழில் அதன் ஆரம்பம். போர்க்காலத்தில் பாராசூட்டுக்கான கயிறுகளை நெய்தார்கள். போர் முடிந்ததும் அதே நெசவுத் திறமை கார் சீட் பெல்ட்டுக்குத் திரும்பியது. வானத்திலிருந்து குதிப்பவனைத் தாங்கிய நாடா, சாலையில் மோதுபவனையும் தாங்கியது. அந்த நற்பெயரை வைத்துத்தான் 1980-களில் டகாடா ஏர்பேக் தொழிலுக்குள் நுழைந்தது.

ஏர்பேக் யோசனை அதற்கும் மூத்தது. ஜான் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர் 1953-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் மோதிய நொடியில், கண் இமைப்பதற்குள், ஒரு பையை எப்படி ஊதுவது? அழுத்தி அடைத்த காற்று அவ்வளவு வேகமாக வரவில்லை. வெடிமருந்து போன்ற ஒன்று எரிந்து வாயுவைக் கக்கினால்தான் முடியும் என்று பிறகு தெரிந்தது. மாத்திரை வடிவில் எரிபொருள், அதைச் சுற்றி எஃகுக் குப்பி, குப்பியில் வாயு வெளியேறும் துளைகள். இதுதான் இன்ஃப்ளேட்டர். 1998 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு புதுக் காரிலும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயமானது. கோடிக்கணக்கில் இன்ஃப்ளேட்டர் தேவைப்பட்டது. யார் மலிவாகச் செய்வது என்ற போட்டியும் கூடவே வந்தது.

ஆரம்பத்தில் எல்லோரும் சோடியம் அசைடைத்தான் பயன்படுத்தினார்கள். அது கொடிய விஷம். அதை விட்டுவிட வேண்டும் என்று 1990-களில் தொழில் முழுவதும் முடிவெடுத்தது. டகாடா கொஞ்ச காலம் டெட்ரசோல் என்ற சேர்மத்தைப் பயன்படுத்தியது. அது விலை கூடியது. 2000-ஆம் ஆண்டுவாக்கில் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு மாறியது. அது விலை குறைவு, குப்பியும் சிறியதாக இருந்தால் போதும்.

அம்மோனியம் நைட்ரேட் நமக்குத் தெரியாத பொருளல்ல. வயலுக்கு அது உரம், கல்குவாரிக்கு வெடிமருந்து. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தை அது தரைமட்டமாக்கியபோது, சென்னை மணலியில் பல வருடமாகக் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டை அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏற்றினார்கள். வடசென்னைக்காரர்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு உண்டு. ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸில் அதன் படிக அமைப்பு மாறும். மாறும்போது கன அளவும் மாறும். வெயிலில் நிற்கும் காருக்குள் இந்த மாற்றம் பகலும் இரவுமாக நடந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்க வேறு உப்பு கலந்து நிலைப்படுத்தியிருப்பதாக டகாடா சொன்னது. ஈரத்துக்கும் சூட்டுக்கும் முன்னால் அந்த ஏற்பாடு பல வருடம் தாக்குப்பிடிக்கவில்லை. மாத்திரைகள் புழுத்த கட்டை போலப் பொத்தலாகி, உடைந்து, தூளாகின. முழு விறகு நின்று எரியும். சுள்ளியும் மரத்தூளும் குப்பென்று பற்றும். தூளான மாத்திரை ஒரே மூச்சில் எரிந்ததும், துளைகள் வழியே வெளியேற முடியாத வாயு குப்பியையே கிழித்தது. கிழிந்த எஃகுச் சில்லுகள் ஏர்பேக்கைத் துளைத்துக்கொண்டு முன்னால் இருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் தாக்கின.

போட்டி நிறுவனமான ஆட்டோலிவ்வின் வேதியியலாளர்கள் 1990-களின் கடைசியிலேயே இந்தப் பொருளைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். அந்த நிறுவனம் அதைத் தொட மறுத்துவிட்டது. ஆக, தெரிந்திருக்க வழியே இல்லை என்று சொல்ல முடியாது. டகாடாவோ 2000-ஆம் ஆண்டு தொடங்கிப் பதினைந்து வருடம் சோதனை முடிவுகளைத் திருத்திக் கார் நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்தது. 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் அந்த நிறுவனமே குற்றத்தை ஒப்புக்கொண்டது.

முதல் அறிகுறி 2004-இல் அலபாமா மாநிலத்தில் தென்பட்டது. ஒரு ஹோண்டா அக்கார்டில் ஏர்பேக் வெடித்து ஓட்டியவர் காயமடைந்தார். எப்போதோ ஒருமுறை நடக்கும் விநோதம் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். 2008 நவம்பரில் ஹோண்டா முதல் ரீகாலை, அதாவது குறையைச் சரிசெய்யக் கார்களைத் திரும்ப அழைப்பதை, அறிவித்தது. எத்தனை கார்கள்? சுமார் 4,000. அடுத்த மே மாதம் ஓக்லஹோமாவில் 18 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். பெரிய மோதல் அல்ல. உயிர் போகத் தேவையே இல்லாத விபத்து. அதன் பிறகு பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. இந்தத் தொகுதி மாத்திரையை மட்டும் சரியாக அழுத்தவில்லை, அந்த இயந்திரத்தில் மட்டும் கோளாறு என்று ஒவ்வொரு முறையும் ஒரு குறுகிய காரணம் சொல்லப்பட்டது. 2013 ஏப்ரலில் டொயோட்டா, ஹோண்டா, நிஸ்ஸான், மாஸ்டா சேர்ந்து 34 லட்சம் வண்டிகளை அழைத்தன. 2015 மே மாதம், குறை தன் பொருளில்தான் என்று டகாடா ஒப்புக்கொண்டபோது கணக்கு சுமார் 3.4 கோடியைத் தொட்டது. பின்னர் அமெரிக்காவில் மட்டும் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள், 19 கார் நிறுவனங்கள் என்று அது வளர்ந்தது. உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி. கார்த் தொழில் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய ரீகால் நடந்ததில்லை.

அழைத்தாகிவிட்டது. மாற்றிக்கொடுக்கப் பாகம் எங்கே?

2014 நவம்பரில் அமெரிக்க செனட் விசாரணை நடந்த சமயத்தில், டகாடா மாதம் சுமார் 3.5 லட்சம் மாற்று இன்ஃப்ளேட்டர்களைத்தான் செய்துகொண்டிருந்தது. பிறகு உற்பத்தி கூடியது, போட்டி நிறுவனங்களும் கைகொடுத்தன. ஆனாலும் காத்திருப்பு மாதக்கணக்கில் நீண்டது, பலருக்கு வருடக்கணக்கில். வீட்டுக்கு வந்த கடிதம் மூன்று விஷயத்தைச் சொன்னது: உங்கள் கார் ஆபத்தானது, பாகம் இப்போது இல்லை, வந்ததும் இன்னொரு கடிதம் எழுதுவோம். அதுவரை அந்தக் குடும்பம் எதில் வேலைக்குப் போகும், பிள்ளையை எதில் பள்ளிக்கூடத்தில் விடும்? டொயோட்டா ஒரு வழி செய்தது. முன்பக்கப் பயணியின் ஏர்பேக்கைச் செயலிழக்க வைத்து, இங்கே உட்காராதீர்கள் என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தது. இன்னும் சில கார்களில், பழைய இன்ஃப்ளேட்டருக்குப் பதில் அதே வகையில் புதிதாகச் செய்த ஒன்றைப் பொருத்தினார்கள். ஈரம் ஏறச் சில வருடமாவது ஆகும் என்பது அதன் நியாயம். அந்தக் கார்கள் மறுபடியும் ரீகாலுக்கு வர வேண்டியிருந்தது.

கையிருப்பு போதாதபோது யாருக்கு முதலில் என்ற கேள்வி வந்தது. சூடும் ஈரமும் அதிகமான ஃபுளோரிடா, மெக்சிகோ வளைகுடாக் கரை, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களுக்கு முன்னுரிமை என்று அரசு பிரித்தது. கார் எவ்வளவு பழையதோ அவ்வளவு முன்னால். வேதியியல் கணக்குப்படி இது சரியான வரிசைதான். ஆனால் பழைய கார் யாரிடம் இருக்கிறது என்பது இன்னொரு கணக்கு.

ஒரு கார் பிறந்து முதல் ஐந்து வருடம் ஷோரூமில் வாங்கியவரிடம் இருக்கும். அவர் முகவரி நிறுவனத்திடம் உண்டு, சர்வீஸுக்கும் அங்கேயே போவார். பிறகு கார் கைமாறும். இரண்டாவது கை, மூன்றாவது கை. விலை குறையக் குறைய, வாங்குபவரின் வருமானமும் குறைவாக இருக்கும். வண்டி வேலையைத் தெருமுனை மெக்கானிக்கிடம் முடித்துக்கொள்வார்கள். வாடகை வீடு மாறுவார்கள். கடிதம் பழைய கதவிலேயே நின்றுவிடும். டகாடா குப்பி கெட்டுப்போகவும் ஏறத்தாழ பத்து வருடம் ஆகும். மருந்து முற்ற முற்ற, கார் கைக்கெட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. தாமதம் என்ற சொல் இந்த வரலாற்றில் வெறும் அலுவலகச் சொல் அல்ல. இங்கே தாமதமே காயம்.

2016 மார்ச் கடைசி நாள், டெக்சாஸில் 17 வயதுப் பெண் ஒருவர் ஓட்டிய 2002 ஹோண்டா சிவிக் முன்னால் இருந்த வண்டியை இடித்தது. நடந்து வெளியே வந்திருக்கக்கூடிய விபத்து. எஃகுச் சில்லு கழுத்தில் பாய்ந்து அவர் இறந்தார். பலமுறை கடிதம் அனுப்பினோம் என்றது நிறுவனம். எங்களுக்கு எதுவும் வரவில்லை என்றது குடும்பம். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் கொடுமை.

அந்த வருடம் ஜூனில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு அதிர்ச்சியான சோதனை முடிவை வெளியிட்டது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களில் உள்ள 'ஆல்பா' வகை இன்ஃப்ளேட்டர்கள் விபத்தில் வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை. அப்படிப்பட்ட கார்கள் 3 லட்சத்துக்கு மேல் அன்றைக்கும் பழுது பார்க்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தன. இவற்றை ஓட்டவே ஓட்டாதீர்கள், நேராக டீலரிடம் போங்கள் என்று அரசு கெஞ்சாத குறையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டத்தில் இருந்த ஓட்டையும் பெரியது. ரீகாலில் உள்ள புதுக் காரை, சரிசெய்யாமல் அமெரிக்காவில் விற்கக் கூடாது. பெரிய வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் 2016 முதல் அந்தத் தடை வந்தது. பழைய கார் விற்பவருக்கு மட்டும் மத்தியச் சட்டத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. உடைத்து விற்கும் யார்டுகளில் இருந்து ஏர்பேக்கைக் கழற்றி இன்னொரு காரில் மாட்டுவதும் நடந்தது. 2017-இல் லாஸ் வேகஸில் ஒரு இளம்பெண் கழுத்தில் காயம்பட்டுப் பிழைத்தார். அவர் ஓட்டியது 2002 அக்கார்டு. அதில் வெடித்ததோ 2001 அக்கார்டு ஒன்றில் இருந்து வந்த இன்ஃப்ளேட்டர். அந்தக் குப்பி எந்த வண்டியில் இருக்கிறது என்று எந்தக் கடிதத்துக்கும் தெரிய வழியில்லை.

டகாடாவின் முடிவை விரைவாகச் சொல்லிவிடலாம். 100 கோடி டாலர் அபராதமும் இழப்பீடும். 2017 ஜூனில் திவால் மனு. சீன நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான கீ சேஃப்டி சிஸ்டம்ஸ் மிச்சத்தை வாங்கியது. அமெரிக்காவில் 28 பேர் இந்தக் குப்பிகளால் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 400-க்கு மேல். மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உயிர்கள் போயின.

ஆஸ்திரேலியா இதில் வேறு பாதையில் போனது. 2017-இல் சிட்னியில் ஒருவர் இறந்தபின், நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடாமல், 2018 பிப்ரவரியில் அரசே கட்டாய ரீகாலை அறிவித்தது. சுமார் 30 லட்சம் வண்டிகள், 2020 டிசம்பர் வரை கெடு. மாற்றாத கார்களின் பதிவையே பல மாநிலங்கள் நிறுத்தின. ஜப்பானும் 2018 மே முதல், இந்த ஏர்பேக்கை மாற்றாத குறிப்பிட்ட கார்களுக்குத் தகுதிச் சான்று தர மறுத்தது. கடிதத்தைத் தொலைத்தவர்கூட காரின் பதிவைப் புதுப்பிக்க வந்துதானே ஆக வேண்டும்? ஆஸ்திரேலியாவில் 99 சதவீதத்துக்கு மேல் கணக்கு முடிந்தது. அமெரிக்காவிலோ 2023, 2024-இலும் ஹோண்டாவும் டொயோட்டாவும் இருபது வயதுக் கார்களுக்கு 'ஓட்டாதீர்கள்' அறிவிப்பு விட்டுக்கொண்டிருந்தன. பணமோ தொழில்நுட்பமோ இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அல்ல. ஒரு நாடு காரின் பதிவைப் பிடித்தது, மற்றது தபாலை நம்பியது.

இந்தியாவுக்கும் இந்தக் குப்பிகள் வந்தன. ஹோண்டா 2016 ஜூலையில் மட்டும் சிட்டி, ஜாஸ், சிவிக் உள்ளிட்ட சுமார் 1.9 லட்சம் கார்களை அழைத்தது. அடுத்தடுத்த இரண்டு ஜனவரிகளிலும் மேலும் பல ஆயிரம் கார்கள். அப்போது நம் நாட்டில் ரீகால் என்பது நிறுவனங்கள் தாங்களாக முன்வந்து செய்வதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110-ஏ பிரிவு, 2021 ஏப்ரல் முதல் ரீகாலை அரசு கட்டாயப்படுத்த வழி செய்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அதற்கான விதி ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். டகாடா குப்பிகள் பெரும்பாலும் வெடிக்கத் தொடங்கியதே அந்த வயதுக்கு மேல். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் வெயிலும் புழுக்கமும் ஃபுளோரிடாவுக்குச் சளைத்தவை அல்ல. நம் தெருக்களில் ஏழு வயதைத் தாண்டிய செகண்ட்ஹேண்ட் கார்களுக்கும் குறைவில்லை. இந்த வயது வரம்பு தவறு. அதை நீக்க வேண்டும். எஃப்.சி.க்கும் ஆர்.சி. புதுப்பிக்கவும் வண்டி வரும்போது, ரீகால் பாக்கி இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே பார்க்க வேண்டும்.

அதுவரை பழைய கார் வைத்திருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் 17 எழுத்தும் எண்ணுமாக சேஸிஸ் நம்பர் இருக்கும். அதைக் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பிடிபடவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் நேரில் கொடுத்துக் கேளுங்கள். ரீகால் பாக்கி இருந்தால், நீங்கள் எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஹோண்டா இந்தியாவில் இந்த இன்ஃப்ளேட்டரைக் காசு வாங்காமல்தான் மாற்றிக்கொடுத்தது.