குடியமர்தலும் மொழியும்: தென்கொரியச் சிறுநகரங்களில் அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்

தென்கொரியக் கல்வி அமைச்சின் எபிக் திட்டத்தில் அரசுப் பள்ளிக்கு வரும் அயல்நாட்டு ஆங்கில ஆசிரியருக்கு, சம்பளம் போக, ஒருமுறை மட்டும் 3 லட்சம் வோன் தரப்படுகிறது. ஒப்பந்தத்தில் இதன் பெயர் குடியமர்வுத் தொகை. போர்வை, பாத்திரம், சோறு சமைக்கும் மின்குக்கர் ஆகியவற்றை வாங்க அது உதவும். வீட்டில் பொருள் வந்து சேர்ந்தால் ஆள் குடியமர்ந்துவிட்டார் என்று அந்தச் சொல் கருதுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. சிறுநகரத்தில் ஒருவர் குடியமர்வது உள்ளூர் மொழியின் வழியாக மட்டுமே. ஆனால் அவரை அழைத்துவரும் ஏற்பாடோ, அந்த மொழி இல்லாமலே அவர் ஓராண்டைக் கழிப்பதற்கென்று அமைந்திருக்கிறது. ஆசிரியர்கள் நிலைக்காமல் போவதற்கு அவர்களுடைய மனப்பாங்கைவிட இந்த அமைப்பே முதற்காரணம் என்பது என் வாதம்.

இந்த ஆசிரியர் மரபு புதிதன்று. 1886இல் சியோலில் அரசர் கோஜோங் தொடங்கிய யுக்யோங் கோங்வோன் பள்ளிக்கு அமெரிக்காவிலிருந்து 3 இளைஞர்கள் ஆங்கிலம் கற்பிக்க வந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஹோமர் ஹல்பர்ட் சில ஆண்டுகளுக்குள் கொரிய எழுத்திலேயே உலகப் புவியியல் பாடநூல் ஒன்றை எழுதினார். சீன எழுத்தையே கற்றோர் மதித்த காலத்தில், மக்கள் எழுத்தான ஹங்குலில் அந்நூல் வெளிவந்தது. தமிழ் வாசகருக்கு அவரிடம் தனி அக்கறை எழவேண்டும். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் அவர் ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அம்மொழிகளிடையே அவர் கண்ட இனவுறவை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ஆனாலும் ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற ஒருவர் தாம் கற்ற கொரிய மொழியின் துணையோடு தென்னிந்தியா வரை யோசித்துப் பார்த்திருக்கிறார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

ஹல்பர்ட் தலைநகர்வாசி. சிறுநகரத்துக்கான சான்றை அமெரிக்க அமைதிப்படையில்தான் தேடவேண்டும். 1966 முதல் 1981 வரை ஏறத்தாழ 2,000 தன்னார்வலர்கள் அதன் வழியாகக் கொரியா வந்தார்கள். காசநோய் ஒழிப்பு முதலிய சுகாதாரப் பணிக்கும் ஆள் வந்தது. ஆனால் பலருக்கு வேலை மாகாணப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பது. அவர்களுக்கு மாதக்கணக்கில் மொழிப்பயிற்சி தரப்பட்டது. பலரும் உள்ளூர்க் குடும்பத்தோடோ, சாப்பாடு போடும் ஹசுக் வீட்டிலோ தங்கினார்கள். படித்தொகை சொற்பம். விளைவைப் பாருங்கள். ஆண்டோங் நகரின் வேளாண் பள்ளியில் கற்பித்த டேவிட் மெக்கேன் பின்னாளில் ஹார்வர்டில் கொரிய இலக்கியப் பேராசிரியராகி, கொரியக் கவிதைகளை மொழிபெயர்த்தார். 1970களில் யேசான் ஊர் நடுநிலைப் பள்ளியில் கற்பித்த கேத்லீன் ஸ்டீபன்ஸ் 2008இல் அமெரிக்கத் தூதராகத் திரும்பி வந்தார். கொரிய மொழியில் சரளமாகப் பேசிய முதல் அமெரிக்கத் தூதர் அவர். ஊருக்கு வந்த 2,000 பேரில் சிலரைப் பொறுக்கியெடுத்துப் பேசுகிறேன் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதுதான். எல்லாரும் அறிஞராகவில்லை. ஆனால் அந்தச் சிலர் முளைத்த நிலம் எப்படிப்பட்டது என்பதே இங்குக் கேள்வி. மொழி தெரியாமல் சோறு கேட்க முடியாத வீட்டில் அவர்கள் தங்க வைக்கப்பட்டார்கள்.

அதே ஆண்டோங்குக்கு இன்று ஓர் ஆசிரியர் வருகிறார் என்று கொள்வோம். மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். கன்ஃபூசிய அறிஞர் ஈ ஹ்வாங்கின் நினைவைப் போற்றும் தோசான் கல்விச்சாலையும், 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஹாஹோ கிராமமும் இங்குதான் உள்ளன. எபிக் திட்டத்தின் பயிற்சி முகாம் சில நாள்களில் முடிந்துவிடும். அதில் கொரிய மொழிக்கு மிஞ்சும் நேரம் சொற்பம். பள்ளியே வீடு பார்த்து வைத்திருக்கும்: ஓண்டோல் சூட்டுத்தரையோடு ஒற்றை அறை. வாரம் 22 மணி நேரம் வகுப்பு. ஊர்ப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பேருந்தில் போய்வருவதும் உண்டு.

முதல் வாரமே குப்பை ஒரு பாடம் நடத்தும். 1995 முதல் கொரியாவில் குப்பையை அந்தந்த நகராட்சியின் பெயர் அச்சிட்ட பையை விலைக்கு வாங்கித்தான் போடவேண்டும். பக்கத்து ஊர்ப் பை செல்லாது. உணவுக்கழிவு தனி, தாள் தனி, பிளாஸ்டிக் தனி. தவறாக வைத்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து சொல்வார். அந்தப் பாட்டியின் பேச்சுக்குப் பாடநூல் துணைவராது. சியோல் வழக்கில் மரியாதைக் கேள்வி ‘-நிக்கா’ என்று முடிந்தால், ஆண்டோங்கில் ‘-நிக்யோ’ என்று முடியும். ‘ஒடி கானிக்யோ’ என்று தெருவில் கேட்பவர் விவரம் அறியக் கேட்கவில்லை. நம் ஊரில் ‘எங்கே கிளம்பிட்டீங்க’ என்பதுபோல, உன்னைப் பார்த்தேன், நீ இந்தத் தெருவாள் என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது. அதற்கு மறுமொழி சொல்லத் தெரிந்த நாளில்தான் ஒருவர் அவ்வூரில் குடியேறுகிறார் என்பேன். ஐந்து நாளுக்கொருமுறை கூடும் சந்தையில் உப்புப்போட்ட கானாங்கெளுத்தி வாங்கும்போதும் இதுவே நடக்கிறது. கைபேசி மொழிபெயர்ப்புச் செயலி மீனை வாங்கித் தரும்; மீன்காரம்மா அடுத்த சந்தையில் அடையாளம் கண்டு அழைப்பதை வாங்கித் தராது.

ஆனால் ஏற்பாடு முழுவதும் இந்த உறவைத் தேவையற்றதாக்குகிறது. பள்ளியில் கூட்டாசிரியர் ஒருவர் நியமிக்கப்படுவார். வங்கிக் கணக்கு, கைபேசி, மருத்துவமனை, வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுவதைச் சொல்வது என அயலாரின் வாயாக இருப்பவர் அவரே. பல பள்ளிகளில் இப்பொறுப்பு வயதில் இளைய ஆசிரியையின் தலையில் விழுகிறது. அவருடைய உழைப்பு எந்தச் சம்பளக் கணக்கிலும் வருவதில்லை என்பதை ஆய்வாளர் பதிவு செய்யவேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுக்கொருமுறை மாறுதலாவார்கள். மார்ச்சில் கல்வியாண்டு தொடங்கும்போது கூட்டாசிரியை வேறு பள்ளிக்குப் போய்விட்டால், அயல்நாட்டார் மீண்டும் ஊமையாகிறார். 2021 ஜனவரி முதல் ஆண்டோங்கிலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்தில் சியோல் போய்விடலாம். வெள்ளி மாலை ரயிலேறி, ஆங்கிலம் பேசும் நண்பர்களிடையே சனி ஞாயிறைக் கழித்துத் திரும்புபவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாரம் முழுவதும் பேச்சில்லாமல் இருந்த மனிதர் அவர்.

இதைவிட ஆழமான கட்டு விசாவில் இருக்கிறது. இந்த ஆசிரியர்கள் வரும் ஈ-2 விசா ஒரே வேலையளிப்பவரோடு கட்டப்பட்டது. இடையில் பணி மாற, பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். வீடும் அவர் கொடுத்ததுதான். ஹாக்வொன் எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்களில் இது கூர்மையாகத் தெரியும். நிலையம் மூடப்பட்டால் சம்பளம், கூரை, தங்கும் உரிமை மூன்றும் ஒரே வாரத்தில் ஆட்டம் காணும். பெருநகரில் அடுத்த தெருவில் இன்னொரு நிலையம் இருக்கும். சிறுநகரில் அது அரிது. அரசின் பார்வையும் நெடுங்காலம் ஐயப் பார்வையாகவே இருந்தது. 2007க்குப் பின் ஈ-2 ஆசிரியர்களிடம் குற்றப்பதிவுச் சான்றோடு எச்ஐவி பரிசோதனையும் கேட்கப்பட்டது. கொரிய ஆசிரியர்களிடம் அது கேட்கப்படவில்லை. நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுத்து முறையிட, 2015இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2017இல் பரிசோதனை கைவிடப்பட்டது. ஓராண்டு ஒப்பந்தம், கட்டிய விசா, சோதித்த இரத்தம்: இவை விருந்தாளிக்குக்கூட ஏற்றவையல்ல, குடிவருபவருக்கு எப்படி ஏற்றவையாகும்?

வலுவான எதிர்வாதம் ஒன்றுண்டு. ஆசிரியருக்குக் கொரிய மொழி தெரியாததுதான் பள்ளிக்கு வேண்டியது, தெரிந்தால் பிள்ளைகள் ஆங்கிலம் பேசமாட்டார்கள் என்பர். வகுப்பறைக்குள் இது ஓரளவு பொருந்தும். ஆனால் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பதை, அந்த மொழியில் தானே தடுக்கி விழுந்தவர்தான் அறிவார். வினையை வாக்கியத்தின் கடைசியில் வைத்தே பழகிய பிள்ளைக்கு ஆங்கில வாக்கியம் ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்பதைக் கொரியம் கற்ற ஆசிரியர் ஒரே நாளில் கண்டுகொள்வார். மேலும், வகுப்பு 22 மணி நேரம்தான். மீதி வாரம் முழுவதும் ஊரில்.

மொழியைக் கற்கும் இடம் சிறுநகரங்களில் இல்லாமலில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் பன்பண்பாட்டுக் குடும்ப மையங்களில் வியட்நாமிலிருந்து மணமாகி வந்த பெண்கள் கொரியம் கற்கிறார்கள். நீதி அமைச்சு 2009இல் தொடங்கிய சமூக ஒருங்கிணைப்புத் திட்டம் படிப்படியாக மொழி கற்பிக்கிறது. அங்கே உட்காரும் ஆங்கில ஆசிரியர், தம்மைவிடக் குறைவாக மதிக்கப்படும் குடிவரவாளர் எவ்வளவு முந்திச் செல்கிறார் என்பதையும் காண்பார். 2021இல் அரசு மக்கள்தொகை குறையும் பகுதிகளாக 89 இடங்களை அறிவித்தது. ஆண்டோங் அதில் ஒன்று. அப்பகுதிகளில் தங்க முன்வரும் அயல்நாட்டாருக்கு 2022இல் சோதனையாகத் தொடங்கிய வட்டார விசா, கொரிய மொழித் தேர்ச்சி கேட்கிறது. ஊர் காலியாகும் நிலையில் மொழியே குடியமர்வின் அளவுகோல் என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆசிரியர் ஒப்பந்தத்தில் மட்டும் அந்த அறிவு இன்னும் நுழையவில்லை.

இது நமக்கும் அயலான செய்தியன்று. ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 7 நாடுகளுக்கு உரியது. ஆனால் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம், தகுதி பெற்ற இந்திய ஆசிரியர்களும் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராக வர வழி திறந்தது. அவ்வழியில் செல்லும் தமிழ் பேசும் ஆசிரியருக்கு வினை இறுதியில் வருவதும், வேற்றுமை உருபும், வினையிலேயே மரியாதை காட்டுவதும் புதியவை அல்ல. ஹல்பர்ட் கண்ட ஒப்புமையில் இந்த அளவு உண்மை உண்டு. அந்த ஒப்பந்தத்தை மேம்படுத்தும் பேச்சில் இந்தியத் தரப்பு இரண்டு கேட்கவேண்டும்: முதலாண்டில் பணிநேரத்துக்குள்ளேயே வாரந்தோறும் கொரிய மொழி வகுப்பு; ஆசிரியர் தம் பெயரிலேயே எடுத்துக்கொள்ளும் வாடகை வீடு.