ரேடியோ நெல்: ஒரு பெட்டி, ஒரு நாள், பல குரல்கள்

போன வாரம் மெட்ரோவில் நின்னுக்கிட்டே என் போன்ல இருக்கிற பாட்காஸ்ட் லிஸ்டைத் தள்ளிப் பார்த்தேன். கிரிக்கெட், சினிமா, வரலாறு, மறுபடியும் கிரிக்கெட். விவசாயம் பத்தி ஒண்ணுகூட இல்லை. குழந்தை வளர்ப்பு பத்தி இல்லை. நாடகம் இல்லை. ஏன்னா அதையெல்லாம் நான் தேடவே இல்லை. எனக்குப் பிடிச்சது மட்டும்தான் என் காதுக்கு வருது.

எங்க தாத்தாவுக்கு அப்படி இல்லை. டெல்டாவில் ஒரு சின்ன கிராமம். சொந்த ரேடியோ கிடையாது. பஞ்சாயத்து ரேடியோவில் என்ன வருதோ அதைத்தான் ஊரே கேட்கணும். அவர் பேச்சில் அடிக்கடி ஒரு வார்த்தை வரும்: "ரேடியோ நெல்லு போட்ட வருஷம்..." சின்ன வயசில் அதை ஏதோ கிண்டல்னு நினைச்சேன். பிறகுதான் தெரிஞ்சது, அது வரலாறு.

அதனால இன்னைக்கு அகில இந்திய வானொலியோட ஒரு நாளைச் சுத்தி வருவோம். பாட்டை விட்டுடலாம். பேச்சு நிகழ்ச்சிகள் மட்டும். காலம், 1960களின் நடுவில் இருந்து 1970கள் வரை.

விடியற்காலையில் முதலில் வருவது ஒரு முகப்பிசை. வயலினும் தம்புராவும் சேர்ந்த அந்தச் சின்ன மெட்டு. அதை அமைச்சவர் வால்டர் காஃப்மன். ஐரோப்பாவில் நாஜிகள் தலையெடுத்த நேரத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூத இசைக்கலைஞர். வானொலியின் பம்பாய் நிலையத்தில் வேலை பார்த்தவர். அடைக்கலம் தேடி வந்த ஒருத்தரோட மெட்டில்தான் இந்தியா தினமும் கண் விழிச்சது.

காலை 7.15. டெல்லியில் இருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் ஞாபகம் இருக்கான்னு உங்க வீட்டில் அம்பது வயசு தாண்டின யாரையாவது கேளுங்க, உடனே அதே தொனியில் பேசிக் காட்டுவாங்க. டெல்லியில் படிக்கிற செய்தியை இங்கே இருக்கிற நிலையங்கள் வாங்கி அஞ்சல் செய்யும். டீக்கடை, சலூன், சமையலறை, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே குரல்.

பகலில் பள்ளிகளுக்கான கல்வி ஒலிபரப்பு. இதில் ஒரு சுவாரசியம் இருக்கு. நாம் நாவலாசிரியரா கொண்டாடுற தி. ஜானகிராமன், பள்ளி ஆசிரியரா இருந்துட்டு, சென்னை வானொலியில் கல்வி ஒலிபரப்புப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவர். அகிலனும் சென்னை வானொலியில் இருந்தவர்தான். எழுத்தாளர்களுக்கு மாசச் சம்பளம் கொடுத்து, பொதுமக்களுக்குப் புரியுற மாதிரி பேச வைச்ச இடம் அது. மதியம் பெண்களுக்கான நிகழ்ச்சி. குழந்தைகளுக்குத் தனி நிகழ்ச்சி. 'வானொலி அண்ணா'ன்னு பேர் வாங்கின கூத்தபிரான் அதில் பிரபலம். ராத்திரி உரைகள், நாடகம். காலை, மதியம், மாலைன்னு மூணு வேளை ஒலிபரப்பு. நடுவில் நிலையம் ஓய்வெடுக்கும்.

சாயங்காலம் விவசாயிகளுக்கான நேரம். தாத்தாவோட வார்த்தை இங்கேதான் பிறந்தது.

1960களின் நடுவில் நாட்டில் கடுமையான உணவுப் பஞ்சம். அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த காலம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏடிடி 27 அப்படின்னு ஒரு புது ரகத்தைக் கொண்டு வந்தது. ஜப்பான் ரகம் ஒண்ணையும் நம்ம ஊர் ரகம் ஒண்ணையும் சேர்த்து உருவாக்கினது. குறுவைக்கு ஏத்த குறுகிய காலப் பயிர். சீக்கிரம் அறுத்துட்டா அதே வயலில் அடுத்த பயிரும் போடலாம்.

ஆனா புது விதையை யார் நம்புவா? ஒரு வருஷம் தப்பினா குடும்பம் கடன்ல விழும். அதே சமயம் திருச்சி வானொலி இதை விடாமப் பேசிச்சு. எப்போ நாத்து விடணும், எவ்வளவு உரம், பூச்சிக்கு என்ன மருந்து. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த ரகத்தைத் தேடிப் போய் வாங்கினாங்க. ஆராய்ச்சி நிலையம் வைச்ச நம்பர் யார் வாயிலயும் நுழையலை. "ரேடியோ நெல் இருக்கா?"ன்னுதான் கேட்டாங்க. அந்தப் பேரே நிலைச்சுடுச்சு. ஒரு நெல்லுக்கு ஒரு வானொலி நிகழ்ச்சியால பேர் வந்தது உலகத்தில் எத்தனை இடத்தில் நடந்திருக்கும்!

இந்த இடத்தோட எபிசோடை முடிச்சா இனிமையா இருக்கும். ஆனா அதே பெட்டியில் இன்னொரு காலையும் வந்தது.

1975 ஜூன் 26. முந்தின நாள் ராத்திரி குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். டெல்லியில் பல பத்திரிகை அலுவலகங்களுக்குக் கரன்ட் நிறுத்தப்பட்டிருந்தது. காலையில் இந்திரா காந்தி வானொலியில் பேசித்தான் நாட்டுக்கு விஷயம் தெரிஞ்சது. எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலில் இருந்தாங்க. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. வானொலிக்குத் தணிக்கை தேவையே இல்லை. அது ஏற்கெனவே அரசாங்கத்தோட துறை. செய்தி வாசிக்கிறவங்க கையில் என்ன தாள் வருதோ அதுதான் செய்தி.

என்னை ரொம்ப நாள் யோசிக்க வைச்ச விஷயம் இதுதான். தாத்தா ரேடியோவை நம்பினது சரியா, தப்பா?

இப்போ எனக்குத் தோணுறது இது. நெல் விஷயத்தில் அவர் கண்ணை மூடிக்கிட்டு நம்பலை. ரேடியோ சொன்னது பொய்யா இருந்தா, மூணு, மூணரை மாசத்தில் வயலே காட்டிக் கொடுத்துடும். பக்கத்து வயல்காரர் என்ன அறுத்தார்னு களத்துல பார்த்தாத் தெரியும். ஆனா டெல்லியில் யாரைப் பிடிச்சு உள்ளே வைச்சாங்கன்னு சரிபார்க்க அவர்கிட்ட எந்த வயல் இருந்தது? அதே நம்பிக்கையை, சரிபார்க்கவே முடியாத விஷயத்துக்கும் அந்தப் பெட்டி வசூல் பண்ணிக்கிச்சு.

சிலர் வேற வழி தேடினாங்க. சிற்றலையில் பிபிசி தமிழோசை. 1941லிருந்து லண்டனில் இருந்து வந்துக்கிட்டிருந்த ஒலிபரப்பு. குமிழைத் திருகி, இரைச்சலுக்கு நடுவுல இன்னொரு குரலைப் பிடிக்கிறதுதான் அன்னைக்குச் சரிபார்க்கிற வழி.

1977 தேர்தலுக்கு அப்புறம் வந்த ஜனதா ஆட்சி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ் தலைமையில் ஒரு குழு போட்டது. வானொலியை அரசாங்கத்தின் பிடியில் இருந்து எடுத்துத் தன்னாட்சி அமைப்பா ஆக்கணும்னு குழு சொன்னது. ஆட்சி கவிழ்ந்தது, பரிந்துரை தூங்கிச்சு. பிரசார் பாரதி சட்டம் நிறைவேறினது 1990ல். அமலுக்கு வந்தது 1997ல். நடுவில் 1995ல் உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச்சொத்துன்னு தீர்ப்பு சொன்னது. ஆனா தனியார் எஃப்எம் வந்தபோதுகூட, சொந்தமா செய்தி சொல்ல அனுமதி கொடுக்கலை. பாட்டு போடலாம், அரட்டை அடிக்கலாம். செய்தின்னா மட்டும் அரசாங்கத்துக்கு அந்தப் பழைய பயம்.

என் போன்ல இன்னைக்கு ஆயிரம் குரல் இருக்கு. எதையும் சரிபார்க்கலாம். ஆனா தேடாத ஒண்ணு என் காதுல வந்து விழுறதே இல்லை. தாத்தா விதை பத்திக் கேட்கப் போய், கூடவே பொண்ணுங்க படிப்பு பத்தின உரையும், ராத்திரி நாடகமும் கேட்டுட்டு வந்தவர். எங்க அத்தையை அவர் காலேஜுக்கு அனுப்பினதுல அந்த மதிய நிகழ்ச்சிகளுக்கும் பங்கு இருக்குன்னு அத்தை இன்னமும் சொல்றாங்க.

இந்த எபிசோடுக்கு வேலை பார்த்தப்போ ஒரு முடிவு எடுத்தேன். வாரம் ஒரு நாள், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிகழ்ச்சியை முழுசாக் கேட்கிறது. போன வாரம் கேட்டது வாழைத் தோட்டத்துக்குச் சொட்டு நீர் போடுறது பத்தி. பாதிக்கு மேல புரியலை. அதுல ஒரு விவசாயி சொன்ன கணக்கு சரியான்னு பார்க்க, இந்த வாரம் அத்தைக்கு போன் பண்ணப் போறேன்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட அவங்க கேட்ட ரேடியோ பேச்சு நிகழ்ச்சி எதுன்னு கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.