கட்டுமரமா, படகா? கரையோர மக்கள் கற்றுத்தந்த பாடம்



சென்ற வாரம் பெற்றோர் சந்திப்பு முடிந்து பள்ளி வாயிலில் நின்றுகொண்டிருந்தபோது, என் மாணவன் ஒருவனின் தந்தை அருகில் வந்தார். விடுமுறை நாள்களில் நண்பர்களோடு மீன்பிடிக்கச் செல்பவர். நால்வர் சேர்ந்து பணம் போட்டுச் சொந்தமாகப் படகு வாங்கப் போகிறார்களாம். "சார், சின்ன அலுமினியப் படகு வாங்கலாமா, இல்லை பொந்தூன் படகு வாங்கலாமா? எங்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி" என்று சிரித்தார்.

படகு ஓட்டத் தெரியாத நான் என்ன சொல்வேன்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற அவருடைய மகனிடம், "கேட்டமரான் என்று ஒரு படகு இருக்கிறதே, அது எந்த மொழிச் சொல்?" என்று கேட்டேன். "இங்கிலீஷ் சார்" என்றான் சற்றும் தயங்காமல். தந்தையும் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது.

மிதப்பதற்கு இரு வழிகள்

நீரில் மிதக்க மனிதன் கண்ட வழிகள் அடிப்படையில் இரண்டுதாம். ஒன்று, கிண்ணம்போல் குழிந்த உடலைச் செய்து, நீரை வெளியே நிறுத்தி, அதனுள் அமர்வது. தோணி, வள்ளம், அலுமினியப் படகு எல்லாம் இவ்வகை. மற்றொன்று, தானே மிதக்கும் பொருள்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றின் மேல் அமர்வது. கட்டுமரம் இவ்வகை. பொந்தூன் படகும் ஏறக்குறைய இவ்வகையே; காற்றடைத்து மூடிய நீண்ட உருளைகள் இரண்டோ மூன்றோ, அவற்றின் மேல் தட்டையான தளம்.

ஆக, அந்தத் தந்தையின் கேள்வி புதியதன்று. சோழமண்டலக் கரையில் நம் முன்னோர் இதே கேள்வியைப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டிருக்கின்றனர்.

சென்னைக் கரையின் விடை

1639ஆம் ஆண்டு ஆங்கிலேய வணிகக் குழுமம் சென்னையில் இடம் பெற்றபோது அங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியே நங்கூரமிட்டன. இடையில் ஓயாமல் உருண்டு உடையும் அலைகள். ஐரோப்பியக் கப்பல்களின் கனமான படகுகள் அந்த அலையில் கரைதட்டினால் பலகை பிளந்துவிடும். எனவே ஆளையும் சரக்கையும் கரைசேர்க்க அவர்கள் உள்ளூர் மீனவர்களையே நம்பினர்.

மீனவர்களிடம் இரண்டு கலங்கள் இருந்தன. ஒன்று மசுலா படகு. அதன் பலகைகளில் ஆணியே கிடையாது. துளையிட்டுத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறைந்தாலும் படகு நெளிந்து கொடுக்குமேயன்றி உடையாது. மற்றொன்று கட்டுமரம். மூன்று முதல் ஏழு வரையிலான இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்தது.

இவற்றுள் எது சிறந்தது? அந்தக் கரை மக்கள் அப்படிக் கேட்கவே இல்லை. சரக்குக்கும் பயணிகளுக்கும் மசுலா படகு. படகு இறங்க முடியாத சீற்றத்தில் கடிதம் கொண்டுசெல்லக் கட்டுமரம். கட்டுமரத்தில் செல்பவர் கடிதத்தைத் தம் கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொள்வார். மசுலா படகு பயணிகளோடு அலையைக் கடக்கும்போது, கவிழ்ந்தால் காப்பாற்றுவதற்காகக் கட்டுமரமும் உடன் செல்வதுண்டு.

கட்டுமரத்தை அலை மூழ்கடிக்க முடியாது. குழிவு இருந்தால்தானே நீர் நிரம்பும்? மேலே விழுந்த நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். புரண்டாலும் மீண்டும் ஏறிக்கொள்ளலாம். ஆனால் குறைகளும் உண்டு. ஏறியவர் நனையாமல் இருக்க முடியாது. அதிகச் சுமை ஏற்ற இயலாது. மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடுமாதலால், கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து உலர்த்த வேண்டும்.

சென்னையில் 1861இல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. பின்னர் எழுந்த துறைமுகச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். துறைமுகம் நிலைபெற்றதும் மசுலா படகின் தேவை அங்கே குறைந்தது. நாகப்பட்டினத்திலோ கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தொலைவிலேயே நின்றன. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாகையில் ஏறியவர்கள் முதலில் சிறு படகுகளில் சென்றுதான் அந்தக் கப்பலை அடைந்தார்கள். மலாயாவை நோக்கி அவர்கள் வைத்த முதல் அடி கப்பலில் அன்று, ஆடும் படகில்!

பெயர் போன வழி

ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைக் குறிப்பிடுகிறார். இவ்வாறு நம் சொல் 'கேட்டமரான்' ஆகி ஆங்கிலத்துள் நுழைந்தது.

இங்கே நாம் நேர்மையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று கேட்டமரான் என்றால் இரட்டை உடல் கொண்ட படகு. நம் கட்டுமரம் இரட்டை உடல் கொண்டதன்று. இரட்டைப் படகுக் கலை பசிபிக் தீவு மக்களுடையது. 1876இல் அமெரிக்காவின் நதானியேல் ஹெர்ஷாஃப் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டைப் பாய்மரப் படகைச் செய்து நியூயார்க் போட்டியில் முந்தினார். தோற்றவர்கள் முறையிட, படகு தகுதி நீக்கம் செய்யப்பட்டது! இத்தகைய படகுகளுக்கே பின்னர் நம் பெயர் நிலைத்தது. எனவே "உலகத்துக் கேட்டமரான் எல்லாம் தமிழன் கண்டுபிடித்தவை" என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பிழை. சொல் நமது, அந்த வடிவம் பிறருடையது. உண்மையான பெருமை இருக்கும்போது பொய்ப் பெருமை நமக்கு எதற்கு?

பொந்தூன் படகின் கதையும் சுவையானது. 1951 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அம்புரோஸ் வீரெஸ் என்ற விவசாயி, எஃகுப் பீப்பாய்களை இரு வரிசையாக இணைத்து, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் மிதக்கவிட்டார். அலையற்ற ஏரிக்குப் பிறந்த படகு அது.

அலுமினியம் 1886இல் கண்டறியப்பட்ட மின்பகுப்பு முறைக்குப் பின்னரே மலிவானது. சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898 வாக்கில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விமானம் செய்துவந்த கிரம்மன் நிறுவனம், அதே உலோகத்தில் சிறு படகுகளைச் செய்து விற்றது.

இழந்ததும் பெற்றதும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தமிழகக் கரையின் கட்டுமரங்களை அள்ளிச் சென்றது. உதவ வந்த அமைப்புகள் பல, கண்ணாடியிழைப் படகுகளை வழங்கின. அவை விரைவாகச் செல்லும். அதிகம் மீன் கொள்ளும். ஆனால் இயந்திரம் வேண்டும், எரிபொருள் வேண்டும், அதற்குக் கடன் வேண்டும். துடுப்பும் சிறு பாயும் கொண்டு தனியாளாகக் கடலுக்குச் சென்றுவந்த பலர், பிறர் படகில் பங்குக்குச் செல்பவராயினர். கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை கூறவில்லை. எந்தக் கடலில், யார், எதற்காகச் செலுத்தப் போகிறார் என்ற கேள்வி முதலில் கேட்கப்பட்டிருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

அந்தத் தந்தைக்கு என் விடை

ஆகவே, ஐயா, படகைப் பார்ப்பதற்கு முன் நீரைப் பாருங்கள். ஜொகூர் ஆற்றின் கிளைகளிலும் குறுகிய ஓடைகளிலும் தூண்டில் போடுவதானால் அலுமினியப் படகே ஏற்றது. இலேசானது, வண்டியில் ஏற்றிச் செல்லலாம், ஆழமற்ற நீரிலும் நுழையும். ஆனால் எழுந்து நின்றால் ஆடும். நீர் நிரம்பினால் ஆபத்து. இருக்கைக்கு அடியில் மிதவை நுரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். குடும்பத்தோடு அமைதியான ஏரியில் அமர்ந்து பொழுதுபோக்குவதானால் பொந்தூன் நல்லது, எளிதில் சாயாது. ஆனால் காற்று அதனைத் தள்ளும். அலை முன்தளத்தில் ஏறும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மெர்சிங் பக்கக் கடலுக்கு இரண்டுமே ஆகா. எதுவாயினும் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி கட்டாயம். அன்று மசுலா படகுக்குத் துணைபோன கட்டுமரத்தின் இடத்தில் இன்று இருப்பது அதுதான்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை வெள்ளம் சூழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அன்று வீதியே ஆறானது. சிறு படகுகள்தாம் ஆள்களை ஏற்றிவந்தன. இத்தகைய அறிவு நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒருநாள் உதவக்கூடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐஸ்கிரீம் குச்சிகளைக் கட்டி ஒரு தெப்பமும், அலுமினியத் தாளை மடித்து ஒரு கிண்ணமும் செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் வாளி நீரில் விட்டு, மேலே ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். கிண்ணம் நிரம்பி அமிழும். தெப்பம் அப்படியே மிதக்கும். பிறகு இரண்டிலும் நாணயங்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். இம்முறை கிண்ணம் வெல்லும். அறிவியலும் வரலாறும் தமிழும் ஒரே வாளியில்!

நான் திங்கட்கிழமை என் வகுப்பில் செய்தேன். அதே மாணவன் குச்சிகளைக் கட்டி முடித்துவிட்டு, "சார், மரத்தைக் கட்டினால் கட்டுமரம்!" என்றான். விளக்கம் தேவைப்படவில்லை. அன்று மாலை வீட்டில் தந்தைக்கும் அவனே சொல்லியிருப்பான் என்று நம்புகிறேன்.